அங்கோர் வாட்டுக்கு எந்த லென்ஸ்? டாம்ரான் 17-70 எஃப்/2.8, கூடவே மூன்று போட்டியாளர்கள்

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு லென்ஸ் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் இழுக்கும்?" என்பதுதான். 300 மி.மீ. என்று கடைக்காரர் சொன்னதுமே பாதி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது. கோயில், அரண்மனை, பழைய நகரம் என்று சுற்றுகிற பயணத்தில் இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: போகிற இடத்தில் ஆக இருட்டான மூலை எது? பின்னால் நகர இடமே இல்லாத இடம் எது? அந்த இரண்டிலும் கைகொடுக்கிற லென்ஸ், மற்ற இடங்களில் எப்படியாவது சமாளித்துவிடும்.

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் எந்த லென்ஸும் நல்ல லென்ஸ்தான். அதனால் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்: கம்போடியாவின் சியம் ரீப். அங்கோர் வாட், பயோன், தா புரோம், பந்தியாய் ஸ்ரே எல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. கேமராவாக, நம்மூர் அமெச்சூர்களிடம் அதிகம் புழங்குகிற சோனி ஏ6400. ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார், 24 மெகாபிக்சல், எடை 403 கிராம். கேமராவின் பாடிக்குள் அதிர்வுத்தடுப்பு, அதாவது கைநடுக்கத்தைச் சமன்செய்கிற அமைப்பு, கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு அதில்தான் நிற்கிறது.

களத்தில் நான்கு ஜூம்கள். மி.மீ. எண் சிறிதானால் படத்தில் அடங்குகிற அகலம் அதிகம், எஃப் எண் சிறிதானால் லென்ஸ் உள்ளே விடுகிற வெளிச்சம் அதிகம். டாம்ரான் 17-70 மி.மீ. எஃப்/2.8, 525 கிராம். சிக்மா 18-50 மி.மீ. எஃப்/2.8, 290 கிராம். சோனி 18-135 மி.மீ. எஃப்/3.5-5.6, 325 கிராம். டாம்ரான் 18-300 மி.மீ. எஃப்/3.5-6.3, 620 கிராம். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் பழகியவர்கள் எல்லாவற்றையும் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளலாம்: 17 என்பது அங்கே 25.5, 70 என்பது 105, 300 என்பது 450.

கையில் எடுத்தால்

17-70 சிறிய லென்ஸ் அல்ல. நீளம் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜூம் பண்ணினால் இன்னும் நீளும். ஏ6400-இன் சின்னப் பிடியில் மாட்டினால் மூக்குப் பக்கம் கனமாகத் தொங்கும். பாடியோடு சேர்த்து 928 கிராம். வலது கையை மட்டும் நம்பித் தூக்கிக்கொண்டு நடந்தால் மதியத்துக்குள் மணிக்கட்டு சொல்லிவிடும். இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்துப் பிடிப்பது ஒன்றுதான் வழி. கேமராவோடு வருகிற பட்டையைக் கழுத்தில் போடாமல், தோளிலிருந்து குறுக்காகப் போடுகிற அகலமான பட்டை வாங்கிக்கொள்வது நல்லது.

லென்ஸின் உடலில் பொத்தான் எதுவும் கிடையாது. ஆட்டோ, மேனுவல் ஃபோகஸ் மாற்றுவதெல்லாம் கேமரா மெனுவில்தான். அதிர்வுத்தடுப்புக்கும் தனிச் சுவிட்ச் இல்லை. இது பெரிய குறையாகத் தோன்றாது. ஆனால் விடியற்காலை இருட்டில் மேனுவல் ஃபோகஸுக்குப் போக மெனுவைத் துழாவுவது எரிச்சல். கேமராவின் சி1 பொத்தானுக்கு ஃபோகஸ் மாற்றும் வேலையை ஊரிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

ஃபோகஸ் மோட்டார் சத்தமில்லாதது, முகம், கண் தேடிப் பிடிப்பதில் தயக்கம் இல்லை. 17-இல் 19 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம், 70-இல் 39 சென்டிமீட்டர். தட்டில் இருக்கிற சாப்பாட்டை உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுக்க இது போதும். 17-இல் ரொம்ப நெருங்கினால், லென்ஸ் முன்னால் வெயில் மறைப்பாக மாட்டுகிற ஹூட்டின் நிழலே பொருளின் மேல் விழும், அப்போது கழற்றிவிட்டு எடுக்க வேண்டும்.

படத்தின் தரம்: நடுப்பகுதி எஃப்/2.8-இலேயே நன்றாக இருக்கிறது. 17-இல் மூலைகள் எஃப்/2.8-இல் கொஞ்சம் மசமசப்பு, எஃப்/5.6-க்கு வந்தால் தெளிந்துவிடும். 17-இல் நேர்க்கோடுகள் வெளிப்பக்கமாக வளையும். ஜேபெக் எடுத்தால் கேமராவே நிமிர்த்திவிடும். ரா, அதாவது கேமரா திருத்தாத மூலக்கோப்பு, எடுத்தால் எடிட் செய்யும் மென்பொருளில் வளைவைத் திருத்துகிற லென்ஸ் புரொஃபைலை இயக்க மறக்கக் கூடாது. தூண் வரிசையாக நிற்கிற கோயிலில் இந்த வளைவு முதல் பார்வையிலேயே தெரியும்.

திருச்சுற்றுக்குள்

அங்கோர் வாட்டில் ஆக இருட்டான இடமும் ஆக நெருக்கமான இடமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். கோயிலைச் சுற்றி ஓடும் நீளமான திருச்சுற்றில், உள்சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பம். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். மேற்குச் சுற்றின் தென்பாதியில் குருக்ஷேத்திரப் போர், வடபாதியில் இலங்கைப் போர். கிழக்குச் சுற்றின் தென்பாதியில் பாற்கடல் கடைவது, அது மட்டும் 49 மீட்டர் நீளம். மேலே கூரை, எதிர்ப்பக்கம் தூண்கள். வெளிச்சம் தூண்களுக்கு இடையில் பக்கவாட்டில் மட்டும் வருகிறது. ட்ரைபாட் விரித்து நிற்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். பின்னால் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

இங்கே எஃப் எண் என்ன செய்கிறது என்று பாருங்கள். எஃப்/2.8, 1/60 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 800 என்று அளவு காட்டுகிற ஓர் இடத்தில், எஃப்/5.6 லென்ஸ் அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓ 3200 கேட்கும். இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்கு வெளிச்சம். ஏ6400-இல் ஐஎஸ்ஓ 3200 மோசமில்லை. ஆனால் மணற்கல்லின் பொடிப்பொடியான மேற்பரப்பும், இரைச்சலின் (ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் தெரிகிற புள்ளிகளின்) பொடியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரைச்சலைக் குறைக்க மென்பொருளை முடுக்கினால் கல் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாகிவிடும். முகம், துணி, வானம் எல்லாம் இரைச்சலை மன்னித்துவிடும், கல் மன்னிக்காது.

18-135, 18-300 இரண்டின் பெட்டியிலும் எஃப்/3.5 என்றுதான் முதலில் போட்டிருக்கும். அது 18-இல் மட்டும். 50 மி.மீ. பக்கம் வரும்போது இரண்டுமே எஃப்/5 அளவுக்கு இறங்கியிருக்கும். சிற்பத்தில் ஒரு தேரையோ ஒரு முகத்தையோ தனியாக எடுக்க நீங்கள் நிற்கப்போவது அந்த 50-இல்தான்.

அதிர்வுத்தடுப்பு கைகொடுப்பதும் இங்கேதான், ஏனென்றால் கல் அசையாது. 70-இல் தடுப்பு இல்லாமல் எடுத்தால் கைநடுக்கம் தெரியாமலிருக்க 1/100 நொடியாவது வேண்டும். 17-70-இன் தடுப்பை நம்பி 1/25 வரை தைரியமாக இறங்கலாம். மூச்சைப் பாதியில் நிறுத்தி, முழங்கையை விலாவில் ஒட்டி, மூன்று நான்கு படமாகத் தொடர்ந்து எடுத்தால் ஒன்றாவது கத்திபோல் வரும். ஆனால் சுவருக்கு முன்னால் காவி உடுத்திய பிக்கு நடந்து போகிறார், அவரையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றால் தடுப்பு எதற்கும் உதவாது. அவர் அசைகிறார், 1/125 வேண்டும். அப்போது எஃப்/2.8 மட்டுமே துணை. கல்லுக்குத் தடுப்பு, ஆளுக்கு எஃப்/2.8: இரண்டும் ஒரே லென்ஸில் இருப்பதுதான் 17-70-ஐ மற்ற மூன்றிலிருந்தும் பிரிக்கிறது.

இதற்குத் தகுந்தபடி கேமராவில் ஆட்டோ ஐஎஸ்ஓவை இயக்கி, குறைந்தபட்ச ஷட்டரை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். சிற்பத்துக்கு 1/30, ஆளுக்கு 1/125. ஒவ்வொன்றையும் கேமராவின் நினைவிடங்களில் பதிந்து வைத்தால், மோட் டயலை எம்ஆர் என்பதற்குத் திருகி வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எஃப்/2.8-ஐத் திறந்து வைத்து எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 50 மி.மீ., எஃப்/2.8, இரண்டு மீட்டர் தூரம் என்றால் தெளிவாக வருகிற ஆழம் மொத்தமே 18 சென்டிமீட்டர் அளவுதான். சுவருக்கு நேராக நின்றால் கவலை இல்லை, புடைப்பு சில சென்டிமீட்டர்தான். சுவரோடு சாய்ந்து நீளவாக்கில் எடுத்தால் இரண்டு உருவம் மட்டும் தெளிவாக இருக்கும். மீதி அசுரர்கள் மங்கிவிடுவார்கள். அழகுக்காக அப்படி எடுக்கலாம். வரிசை முழுக்கத் தெரிய வேண்டுமென்றால் எஃப்/8, கூடவே ஐஎஸ்ஓவையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அகலக் கணக்கும் இங்கேதான் உதவும். சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் 17 மி.மீ.யில் கிட்டத்தட்ட 2.8 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் உயரமும் அடங்கும். 18-இல் 2.6 மீட்டர் அகலம். ஒரு மி.மீ. வித்தியாசம் என்று அலட்சியமாக நினைப்பவர்கள் சுவர் ஓரத்தில் நிற்கும்போது அதன் அருமையை உணர்வார்கள். பாற்கடல் காட்சி முழுவதையும் ஒரே நீளப் படமாக ஒட்ட ஆசைப்படுகிறவர்கள் 24 மி.மீ.யில் நின்று, ஒரு மீட்டருக்கு ஒரு படமாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். ஒரே இடத்தில் நின்று கேமராவைத் திருப்பினால் ஒட்டாது. உருவங்கள் ஓரத்தில் நீண்டுவிடும். எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எப்படியும் ஐம்பது படம் ஆகும். கூட்டம் இல்லாத நேரத்தில் மட்டும் முயற்சி செய்யுங்கள்.

நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். மேற்குச் சுற்றில் சாயங்கால வெயில் தூண்களுக்கு நடுவே நேராக விழுந்து, சிற்பத்தின் மேல் வரிவரியாக வெள்ளையும் கறுப்பும் அடிக்கும். எந்த லென்ஸாலும் அதைக் காப்பாற்ற முடியாது. மேற்குச் சுற்றுக்குக் காலை, கிழக்குச் சுற்றுக்குப் பிற்பகல்.

குளக்கரை விடியல்

அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் எழும். காலை ஐந்து மணிக்குக் கதவு திறந்ததும் கூட்டம் முழுக்க, உள்ளே இடது கைப் பக்கமுள்ள வடக்குக் குளத்தின் கரையில்தான் முண்டும். கோபுரங்களும் தண்ணீரில் அவற்றின் நிழலும் சேர்ந்து அடங்க 17 மி.மீ. போதுமானது. மார்ச் 20, செப்டம்பர் 22 ஒட்டிய சமநாள்களில் மேற்கு வாசல் நடைபாதையில் நின்றால் சூரியன் நடுக் கோபுரத்தின் உச்சியிலேயே எழும்புவது தெரியும். அந்த நாள்களில் இடம் பிடிப்பதே தனிப் போராட்டம்.

நேர் வெளிச்சத்துக்கு எதிராக எடுப்பதால், லென்ஸ் முன்னால் காப்புக்காக மாட்டியிருக்கிற யுவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். மலிவான ஃபில்டரில் சூரியனின் பச்சை நிறப் போலி உருவம் கோபுரத்தின் குறுக்கே வந்து உட்காரும். போலரைசரையும் இங்கே மாட்டக் கூடாது. அதன் வேலையே தண்ணீரின் பிரதிபலிப்பை அழிப்பது. பிரதிபலிப்புக்காக மூன்றரை மணிக்கு எழுந்து வந்துவிட்டு அதையே அழிப்பானேன்? கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரங்கள் பின்னால் விழுகிற மாதிரி வரும். மட்டமாகப் பிடித்து, தேவையில்லாத தரையைப் பின்னால் வெட்டிக்கொள்ளலாம்.

விடியலுக்கு முன் இருட்டில் நால்வகை லென்ஸுக்கும் அகலப் பக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை: எஃப்/2.8-க்கும் எஃப்/3.5-க்கும் நடுவில் முக்கால் ஸ்டாப்பைத் தாண்டாது. இந்த ஒரு படத்துக்காக எஃப்/2.8 வாங்கத் தேவையில்லை.

நீள லென்ஸ் ஜெயிக்கிற இடங்கள்

பந்தியாய் ஸ்ரே கணக்கை மாற்றிவிடும். கி.பி. 967-இல் எழுந்த சிறிய சிவன் கோயில். அங்கோரிலேயே நுணுக்கமான செதுக்கு வேலை இங்கேதான். உள் சன்னதிகளைச் சுற்றிக் கயிறு கட்டித் தடுத்திருக்கிறார்கள், கிட்டே போக முடியாது. ராவணன் கயிலையை அசைக்கிற சிற்பம் ஒரு கட்டடத்தின் உச்சி முகப்பில் இருக்கிறது. கிழக்குக் கோபுர முகப்பில் ஆடுகிற சிவன். அவர் காலடியில் ஓரமாக, எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கிற பெண் உருவம் காரைக்கால் அம்மையார். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் தேடிப் போகிற உருவம் அதுதான். ஆனால் மொத்த முகப்பில் அது ஒரு சின்ன மூலை, தலைக்கு மேல் உயரத்தில். 50-இல் நிற்கிற சிக்மாவில் அம்மையார் ஒரு புள்ளியாகத்தான் வருவார். 70-இல் வெட்டிப் பெரிதாக்கினால் தேறும். 135-இல் வெட்டாமலே சுருங்கிய மார்பும் விலா எலும்பும் தெரியும். வெளிச்சம் திறந்தவெளி என்பதால் எஃப்/5.6 இங்கே ஒரு குறையே இல்லை. 18-135-க்கு இந்தக் கோயில் முழு மதிப்பெண்.

கிழக்குப் பார்த்த கோயில், காலையில் போக வேண்டும். கல் செம்பழுப்பு, கேமராவின் ஆட்டோ வெள்ளைச் சமநிலை அந்தச் சிவப்பைத் தவறு என்று நினைத்துச் சரிசெய்து, கல்லைச் சாம்பலாக்கிவிடும். பகல்வெளிச்சம் என்கிற அமைப்பில் நிறுத்திவிட்டு எடுத்தால் நிறம் கண்ணில் பார்த்தபடியே வரும்.

இன்னொரு இடம் நோம் பாக்கெங் குன்று. மேலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் காட்டுக்கு நடுவே அங்கோர் வாட் தெரியும். இந்தத் தூரத்தில் 70 மி.மீ.யில் அடங்குகிற அகலம் 500 மீட்டர். கோயிலின் உள்சுற்று ஏறக்குறைய 200 மீட்டர், ஆக படத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 135-இல் முக்கால் பங்கு நிரம்பும். 300-இல் கோபுரங்கள் மட்டும். 70-இல் எடுத்து 135 அளவுக்கு வெட்டினால் ஆறரை மெகாபிக்சல் மிஞ்சும், ஏ4 அளவு பிரிண்டுக்கு அது தாராளம். 300 வைத்திருப்பவருக்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது: வெயில் காய்ந்த தரையிலிருந்து எழும் வெப்ப அலை. ஒன்றரை கிலோமீட்டர் காற்றின் வழியாகப் பார்க்கும்போது கோபுரத்தின் விளிம்பு நெளியும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் நெளியத்தான் செய்யும். மழை ஓய்ந்த மாலையில் மட்டும் தெளிவாகக் கிடைக்கும்.

தா புரோமில் சுவர்மேல் படர்ந்திருக்கிற மரவேர்களுக்கு 17-ம் சில இடத்தில் போதாது. மரம் உயரம், முற்றம் சிறிது. கைப்பேசியின் அல்ட்ராவைடு அங்கே போதும், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பயோன் கோபுரங்களின் கல் முகங்களுக்கு 35 முதல் 70 வரை; சிக்மா 50-இல் நின்றுவிடும், மற்ற மூன்றிலும் உண்டு.

மற்ற மூன்றைப் பற்றி

சிக்மா 18-50 அருமையான லென்ஸ். பாடியோடு 693 கிராம்தான், நீளம் 8 சென்டிமீட்டருக்குள். 18-இல் 12 சென்டிமீட்டர் வரை நெருங்கும். எஃப்/2.8-இல் மூலைத் தெளிவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதிர்வுத்தடுப்பு இல்லை. ஏ6400, ஏ6100, இசட்வி-இ10 போன்ற தடுப்பில்லாத பாடியில் இதை மாட்டினால் மேலே சொன்ன திருச்சுற்றில் 50-க்கு 1/80 நொடிக்குக் கீழே இறங்க முடியாது. ஏ6600, ஏ6700 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறை பாடியிலேயே தீர்ந்துவிடுகிறது. அவர்கள் 17-70-ஐத் தேட வேண்டியதில்லை, சிக்மாவை வாங்கி 235 கிராமை மிச்சம் பிடிக்கலாம். கேனான் ஆர்எஃப் மவுண்டிலும் (கேமராவில் லென்ஸ் பொருந்துகிற வாய்) 2024 முதல் இது கிடைக்கிறது. ஆர்50, ஆர்10 பாடிகளிலும் தடுப்பு இல்லை என்பதால் அதே எச்சரிக்கை அங்கேயும் பொருந்தும். ஃபுஜி எக்ஸ் மவுண்டில் சிக்மா, டாம்ரான் 17-70 இரண்டுமே உண்டு.

18-135-ஐத் தனியாக வாங்கினால் திருச்சுற்றில் தடுமாறும். கூடவே சிக்மா 30 மி.மீ. எஃப்/1.4 என்கிற, ஜூம் இல்லாத பிரைம் லென்ஸைச் சேர்த்தால் கதை வேறு. இரண்டும் சேர்ந்து 590 கிராம், 17-70-ஐவிட 65 கிராம்தான் அதிகம். பகலில் 18-135, இருட்டில் 30. எஃப்/1.4 என்பது எஃப்/2.8-ஐவிட நான்கு மடங்கு வெளிச்சம். சியம் ரீப்பின் இரவுச் சந்தையில் இந்த ஜோடி 17-70-ஐத் தோற்கடிக்கும். விலை கொடுக்க வேண்டியது லென்ஸ் மாற்றுவதில். மழையில்லாத நவம்பர் முதல் ஏப்ரல் வரை, டுக்-டுக்கில் போகும்போது செம்மண் புழுதி முகத்திலேயே படியும். கேமராவைத் திறந்தால் சென்சாரிலும் படியும். எஃப்/11-இல் வானத்தை எடுத்தால் கறுப்புப் பொட்டுகளாகத் தெரிவது அதுதான். மாற்றியே ஆக வேண்டுமானால் வண்டி நின்ற பிறகு, காற்றுக்கு முதுகு காட்டி, கேமராவை அணைத்து, வாய் கீழே பார்க்கும்படி பிடித்து மாற்றுங்கள். புதிய லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்துக்கொண்டால் திறந்திருக்கும் நேரம் நொடிகளில் முடியும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தூசியைவிட மோசம்; ரப்பர் ஊதுகுழல் ஒன்று பையில் இருக்கட்டும்.

18-300 இந்தப் பயணத்துக்கு வேண்டாம். லென்ஸில் குற்றமில்லை, 18-இல் 15 சென்டிமீட்டர் நெருங்கிப் பாதி உயிரளவு காட்டுகிற அதன் திறமை பாராட்டத் தக்கது, தடுப்பும் உண்டு. காட்டு விலங்கு பார்க்க இலங்கையின் யாலாவுக்கோ கென்யாவுக்கோ போகிற, ஒரே லென்ஸ் மட்டும் எடுத்துப் போகிற ஆளுக்குச் சரி. அங்கோரில் 135-க்கு மேல் தேவைப்படுகிற படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; அதற்காக நாள் முழுக்க ஒரு கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு, திருச்சுற்றில் எஃப்/5-ஓடு மல்லாட வேண்டும்.

கேமராவோடு சேர்ந்து வருகிற கிட் லென்ஸ் 16-50, அதோடு 55-210 ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். அந்த 16 மி.மீ. இங்கே உள்ள நான்கையும்விட அகலம். தடுப்பும் இரண்டிலும் உண்டு. இருட்டுக்கு மட்டும் சிக்மா 30 எஃப்/1.4-ஐச் சேர்த்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் இன்னொரு நாள் தங்கலாம்.

வேர்க்கிற கண்ணாடி

சியம் ரீப்பில் அதிகம் படங்களைக் கெடுப்பது பனித்துப்போகிற லென்ஸ். விடுதி அறையில் ஏசி 22 டிகிரியில் ஓடுகிறது. நாலரை மணிக்கு வெளியே ஈரக்காற்று. குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் உடனே படியும். துடைத்தால் மறுபடி படியும், கூடவே கோடும் விழும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரும் வேர்க்கும். முந்தின இரவே கேமராவை ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து மூடுங்கள். கிளம்புவதற்கு முக்கால் மணி முன்பு, பையோடு குளியலறையிலோ பால்கனியிலோ வைத்துவிடுங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும். கேமரா சூடான பிறகு திறக்கலாம். 525 கிராம் கண்ணாடி சூடாக சின்ன லென்ஸைவிட நேரம் எடுக்கும், அரை மணி போதாது. ஏசி டாக்ஸியில் போனால் மறுபடி குளிர்ந்துவிடும், ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள் அல்லது டுக்-டுக்கில் போங்கள்.

17-70-இல் ஈரம் உள்ளே புகாமல் சில இடங்களில் அடைப்பு உண்டு. ஏ6400 பாடியிலும் ஓரளவு உண்டு. இரண்டையும் நம்பி மே முதல் அக்டோபர் வரை பெய்கிற மழையில் நனைய விடாதீர்கள். ஜூம் நீளும் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். ஹூட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையும் போதும்.

ஃபில்டர் வாங்கினால் ஒரே ஒரு நல்ல போலரைசர், 67 மி.மீ.; 17-70-க்கும் 18-300-க்கும் அதே அளவு. 18-50, 18-135 இரண்டுக்கும் 55 மி.மீ. தா புரோமில் மழைக்குப் பின் இலையிலும் ஈரக்கல்லிலும் அடிக்கிற வெள்ளைப் பளபளப்பை நீக்கப் போலரைசரைவிட்டால் வேறு கருவி இல்லை. ஒன்றரை ஸ்டாப்பாவது வெளிச்சத்தைத் தின்னும், அதனால் திருச்சுற்றுக்குள் நுழையும்போது கழற்றுங்கள்.

வாங்குவதும் கிளம்புவதும்

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே லென்ஸ் கையில் இருக்க வேண்டும். முதல் வேலை, செங்கல் சுவர் ஒன்றைத் தேடுங்கள். சுவருக்கு மிகச் சரியாக நேராக, கேமராவை ட்ரைபாடிலோ மேசையிலோ வைத்து, தடுப்பை அணைத்து, இரண்டு நொடி டைமரில் 17, 35, 70 மூன்றிலும் எஃப்/2.8, எஃப்/5.6 இரண்டிலும் எடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிடக் குழம்பியிருந்தால் உள்ளே கண்ணாடி ஒன்று மையம் விலகியிருக்கிறது. கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே சுவரை எடுத்துப் பாருங்கள். குழப்பம் படத்தின் அதே மூலையில் வந்தால் லென்ஸின் குற்றம், சுவரின் எதிர் மூலைக்குப் போகாமல் சுவரோடேயே நின்றுவிட்டால் நீங்கள் நேராக நிற்கவில்லை. லென்ஸின் குற்றமானால் மாற்றித் தரச் சொல்லுங்கள். எந்தத் தயாரிப்பிலும் இப்படி ஒன்றிரண்டு வரும்.

பில்லில் லென்ஸின் சீரியல் எண் இருக்க வேண்டும், இந்திய வாரண்டி அட்டையும். விலை குறைவு என்று வாரண்டி இல்லாத இறக்குமதிச் சரக்கை வாங்கினால், மோட்டார் போனால் முழுச் செலவும் உங்களுடையது. வாடகைக்கு எடுப்பதானால் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா, உடைந்தால் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே பில்லோடு, கிளம்புகிற அன்று விமான நிலையச் சுங்கத்தில் கேமராவையும் லென்ஸையும் காட்டி, சீரியல் எண் குறித்த சான்று வாங்கிவிட்டால் திரும்பி வரும்போது "இதை அங்கே வாங்கினீர்களா?" என்ற பேச்சு எழாது. பாஸ்போர்ட், பயணச்சீட்டு, பில் நகல் வேண்டும். வரிசைக்கென்று அரை மணியாவது ஒதுக்குங்கள்.

உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் விடமாட்டார்கள். ஏ6400-இன் பேட்டரி வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் சுமார் 360 படம் தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. அங்கோரில் விடியலிலிருந்து அந்தி வரை சுற்றினால் மூன்று வேண்டும். ஒவ்வொன்றின் உலோக முனையையும் மூடி போட்டோ டேப் ஒட்டியோ வையுங்கள். பல விமானங்களில் கைப்பை 7 கிலோ. கேமரா, 17-70, மூன்று பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோவைத் தொடாது. மீதியில் துணியை வைத்துக்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதும் லென்ஸைப் பையிலேயே பூட்டி வைக்காதீர்கள். அந்த ஈரத்தோடு ஒரு மாதம் இருட்டில் இருந்தால் கண்ணாடியில் பூஞ்சை நூல் நூலாகப் படரும், சென்னைக் காற்றும் அதற்கு உரம் போடும். வெளியே எடுத்து, தூசியை ஊதி, ஹூட்டையும் மூடிகளையும் தனியாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் காட்டினால் சரி. நீலம் இளஞ்சிவப்பாக மாறிய ஜெல்லை வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியை மட்டும் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.